அன்னார் ஒபதியா ஹக்கின்ஸ்

செப்டம்பர் மாதம் எட்டாம் திகதி, திங்கட்கிழமை, மொன்றியல் நகரசபையிலிருந்து எங்கள் தமிழ் முதியோர் மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுக் கடிதம். மூன்று பக்கம். மன்றத் தலைவர் தியாகராசா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை வடிவாயிருக்கு," என்று சொல்லி என்னிடம் நீட்டினார். நான் செயலாளர், பெயர் செபமாலை. எந்த மொழியில் கடிதம் வந்தாலும், வந்த திகதியை மூலையில் எழுதி, துளை போட்டுக் கோப்பில் கோப்பது என் வேலை. அதை விளங்கிக்கொள்வது என் தம்பியின் மகள் அனோஜினியின் வேலை.

அனோஜினி டோர்வல் விமான நிலையத்தில், பெட்டி தொலைத்தவர்கள் வந்து கத்தும் மேசையில் இருக்கிறாள். இரண்டு மொழிகளில் மன்னிப்புக் கேட்பாள். மூன்றாவது மொழியை எங்களை ஏசுவதற்கு வைத்திருக்கிறாள்.

கடிதத்தை வாசித்து முடித்ததும், "பெரியப்பா, உங்கட ஹோல் போகப் போகுது," என்றாள்.

அந்த மண்டபம் செயின்ட்-மிஷேலில் இருக்கிறது. மெற்றோவிலிருந்து பத்து நிமிட நடை. முழங்கால் சரியில்லாதவர்களுக்கு இருபத்தைந்து. செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் இரும்புச் சட்டி, அடுப்பு, கரி வாளி எல்லாம் வார்த்த ஒரு தொழிற்சாலையின் அலுவலகம். வாசலுக்கு மேலே இரும்பு எழுத்தில் "ஓ. ஹக்கின்ஸ், இரும்புப் பொருட்கள், 1858" என்று இருக்கும். உள்ளே ஓர் இரும்பு நாற்காலி இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தும் அதை அசைக்க முடியாததால் அதைச் சுற்றித்தான் எங்கள் மேசைகளைப் போட்டிருக்கிறோம். சுவரில் ஒரு படம். நெஞ்சு வரை தாடி, புருவம் இரண்டும் சண்டைக்கு நிற்கும். பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தாடிக்குக் கீழே இருந்துதான் நாங்கள் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறோம். தோற்கிறவர் எழும்பிப்போய், "நீ பாத்துக்கொண்டிருந்ததாலைதான்ரா," என்று படத்தைப் பார்த்துச் சொல்வது வழக்கம்.

மண்டபம் போனால் எனக்குப் போக வேறு இடமில்லை. நான் அனோஜினி வீட்டின் முன்னறையில் இருக்கிறேன். அதாவது அந்த அறையில் அவளுடைய ஓடும் மெஷின், உடுப்புக் காயவைக்கும் கம்பி, நான் ஆகிய மூவரும் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் அவள் மெஷினில் ஓடுவாள். மண்டபம் இல்லாத சனிக்கிழமைகளில் நான் கட்டிலில் இருந்தபடி, அவள் எங்கும் போய்ச் சேராமல் ஐந்து கிலோமீற்றர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடிதத்தின் சாரம் இது. பழைய கட்டடங்களைப் பாவிக்கிறவர்கள் அந்தக் கட்டடத்தின் வரலாற்றோடு தங்களுக்குள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். மண்டபத்தைக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் இரண்டு பகுதியினர்: நாங்களும், செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் ஒரு கிளப்பும். இரு பகுதியாரும் ஆளுக்கொரு சனிக்கிழமை, கட்டடத்தை நிறுவிய ஒபதியா ஹக்கின்ஸ் என்பவரை நினைவுகூர்ந்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். அதிகாரி ஒருவர் வந்து மூன்று விடயங்களைப் பார்ப்பார். அவருடைய வாழ்க்கை வரலாறு முறையாகச் சொல்லப்பட்டதா? ஐம்பது பேராவது வந்தார்களா? வந்தவர்களிடம் உண்மையான பற்று இருக்கிறதா?

"சுவரிலை ஏற ஒரு கிளப்போ?" என்றார் அல்போன்சம்மா. அவர்தான் எங்கள் உபதலைவி, மன்னார்ப் பக்கம். இந்த நகரத்தில் அவர் போகாத செத்தவீடு கிடையாது. "எங்கட ஊரிலை சுவரிலை ஏறினா நாயை எல்லோ அவிட்டு விடுவினம்!"

"அதை விடுங்கோ அக்கா. ஐம்பது பேருக்கு எங்கை போறது?" என்றார் தியாகராசா. "நாங்கள் மொத்தமே பதினாலு பேர். அதிலை ஒன்பது பேருக்கு முழங்கால் இல்லை. ரெண்டு பேர் ஒருத்தரோடை ஒருத்தர் கதையில்லை, ஒராள் வந்தா மற்றாள் வராது."

"பற்றுக்கு என்ன செய்யப் போறம்?" என்றேன் நான்.

மூவரும் படத்தைப் பார்த்தோம். அவரும் எங்களைப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் பற்று இருந்ததாகத் தெரியவில்லை.

வாழ்க்கை வரலாறு எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. மொன்றியலில் எங்களுடைய ஆட்கள் யாராவது காலமானால், முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் வாழ்க்கை வரலாறு எழுதுவது நான்தான். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கென்று பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பிறந்த ஊர், பெற்றோர், எத்தனையாவது பிள்ளை, கல்வி, தொழில், திருமணம், சகோதரர்களுடனான உறவு, விருந்தோம்பல், இறை பக்தி, இறுதி நாட்கள் என்று ஒழுங்காகப் போகும். வீட்டார் நிரப்பித் தந்தால் இரண்டு நாளில் எழுதிவிடலாம். ஹக்கின்ஸுக்கு வீட்டார் இல்லாததால் படிவத்தை அனோஜினியிடம் கொடுத்தேன். அவள் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடி, இரண்டு கிழமைக்குப் பிறகு நிரப்பிக் கொண்டுவந்தாள். முகம் நன்றாக இல்லை.

"பெரியப்பா, இந்த மனிசன் சரியில்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை. வாசி."

"பிறந்தது ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது, இங்கிலாந்து, வுல்வர்ஹம்ரன். பூட்டுச் செய்யிறவற்றை கடைசி மகன். பள்ளிக்கூடத்திலை ரெண்டு வருசம், பேந்து வாத்தியாருக்கு அடிச்சுப்போட்டு நிண்டுட்டார்."

நான் எழுதினேன்: "ஆரம்பக் கல்வியை வுல்வர்ஹம்ரனில் கற்ற அன்னார், இளவயதிலேயே ஆசிரியர்களின் மனதில் நீங்கா இடம்பிடித்தார்."

அனோஜினி எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மூண்டு அண்ணன்மார். மூண்டு பேரோடையும் கோட்டிலை வழக்கு. இருபத்தாறு வருசம்."

"மூத்த சகோதரர்களுடன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இடையறாத தொடர்பைப் பேணினார்."

"பெரியப்பா!"

"பொய்யோ?"

"பொய்யில்லை. ஆனா..."

"அடுத்தது வாசி."

"தொழில். முதல் சட்டி, அடுப்பு, இஸ்திரிப் பெட்டி. அதுகள் நல்லாத்தான் போயிருக்கு. பேந்து எல்லாத்தையும் இரும்பிலை செய்யலாமெண்டு ஒரு விசர் பிடிச்சிருக்கு. இரும்புக் குடை. எட்டுக் கிலோ. இரும்புத் தலையணை. அதுக்கை வெந்நீர் விடலாமாம். இரும்புப் படிக்கம், துப்பினா ஒரு மணியடிக்கும். குடை வித்தது மொத்தம் ரெண்டு. ஒண்டு அவரே வாங்கினது."

"மற்றது?"

"பெண்சாதி. முதலாவது பெண்சாதி. ஒரு மழைக்குப் பேந்து விட்டுட்டுப் போயிட்டா."

இதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டேன். கடைசியில், "அன்னாரின் தொழில் முயற்சிகளின் பாரத்தை அவருடைய முதல் மனைவியும் சேர்ந்து சுமந்தார்," என்று எழுதினேன்.

"விருந்தோம்பல் எண்டு ஒரு கேள்வி வைச்சிருக்கிறியள். ஒருத்தரையும் வீட்டுக்குள்ளை விடமாட்டாராம். வாசல் கதவிலை இருந்த இரும்புக் கைபிடியை வேணுமெண்டே சூடாக்கி வைப்பாராம்."

"வந்தவர்களை வாசலிலேயே வெம்மையோடு வரவேற்பார்."

அனோஜினி தலையில் கைவைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். "இறுதி நாட்கள். தன்ரை இரும்புக் கதிரை எவ்வளவு பாரமும் தாங்குமெண்டு காட்டுறதுக்குப் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, வேலையாக்கள் ஏழு பேரைக் கதிரையிலை ஏத்தி, எட்டாவதா தான் ஏறி நிண்டிருக்கிறார்."

"கதிரை முறிஞ்சுதோ?"

"கதிரைக்கு ஒண்டுமில்லை. நிலம் இடிஞ்சு எல்லாரும் கீழ் அறைக்குள்ளை போயிட்டினம். ஏழு பேருக்குக் காயம். இவர் மட்டும் செத்துப்போனார். பன்னிரண்டாம் திகதி ஒக்ரோபர், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூண்டு. அதே கதிரைதான் பெரியப்பா. நீங்கள் சீட்டு விளையாடேக்கை சுத்தி இருக்கிறியளே, அது."

அந்த இடத்தை மட்டும் நான் மாற்றாமல் எழுதினேன். தன் பொருளில் அப்படி நம்பிக்கை வைத்து, அந்த நம்பிக்கை பொய்க்காமலே செத்த மனிதரை எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்தது ஆள் சேர்ப்பது. கூட்டத்தைப் பற்றி நாலு பேருக்குத் தெரியப்படுத்த ஓர் அறிவித்தல் எழுதித் தரும்படி தியாகராசா கேட்டார். எனக்கு அறிவித்தல் என்றால் ஒரு முறைதான் தெரியும். அந்த முறைப்படி எழுதிக் கொடுத்தேன்:

"இங்கிலாந்து வுல்வர்ஹம்ரனைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட ஒபதியா ஹக்கின்ஸ் அவர்கள் 12-10-1893 அன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற ஜேம்ஸ், மார்த்தா தம்பதிகளின் கனிஷ்ட புத்திரரும், சாரா, ஹரியற் ஆகியோரின் அன்புக் கணவரும் ஆவார். அன்னாரின் அஞ்சலிக் கூட்டம் ஒக்ரோபர் 18, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் செயின்ட்-மிஷேல் மன்ற மண்டபத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

தியாகராசா அதைத் தாடிப் படத்தோடு மரண அறிவித்தல் போடும் இணையத்தளம் ஒன்றில் போட்டார். நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார். தமிழ்க் கடைகளின் கண்ணாடியிலும் ஒட்டினார்.

ஒக்ரோபர் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை, புரோசார்டிலிருந்து சிவநேசம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எந்தக் கூட்டத்திலும் ஓர் உரை ஆற்றாமல் வீடு திரும்பாதவர்.

"செபமாலை, கேள்விப்பட்டு நெஞ்சு திக்கெண்டு போச்சு காணும். சனிக்கிழமை எத்தினை மணிக்குப் பெட்டி மூடுறியள்?"

"என்ன பெட்டி?"

"ஹக்கின்ஸின்ரை பெட்டி."

நான் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். காலமான திகதி 12-10-2025 என்று இருந்தது. உடனே தியாகராசாவுக்கு எடுத்தேன்.

"அதோ?" என்றார் அவர். "அதிலை வருசத்தை நாங்களா எழுதேலாது. வருசங்கள் ஒரு நிரலா வரும், அதிலை ஒண்டைத் தெரிவுசெய்ய வேணும். நானும் தள்ளித் தள்ளிப் பாத்தன். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுக்கு அங்காலை கீழை போகுதில்லை. விரல் நொந்துபோச்சு. அதுதான் முதல் இருந்ததையே விட்டுட்டன். வருசம் ஆர் பாக்கினம் செபமாலை?"

"கடையளிலை ஒட்டினது?"

"அதையேதான் அச்செடுத்து ஒட்டினனான்."

"சனம் மனிசன் போன ஞாயிறு செத்ததெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது!"

"நினைக்கட்டும். ஐம்பது பேர் வேணுமெண்டுதானே கடிதத்திலை கிடந்தது?"

அன்று மாலைக்குள் எனக்கு முப்பத்தொரு அழைப்புகள் வந்தன. ஒருவர்கூட "ஆர் இந்த ஹக்கின்ஸ்?" என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. எங்கள் ஆட்களிடம், செத்தவர் யார் என்று கேட்பது, அந்த வீட்டோடு போக்குவரத்தை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஆகவே ஒவ்வொருவரும் தாமாகவே ஓர் உறவைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெரும்பாலானோரின் முடிவு, யாரோ ஒரு வீட்டுப் பெட்டை வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டியிருக்கிறது, இவர் அந்தப் பொடியனின் தகப்பன் என்பது. எந்த வீட்டுப் பெட்டை என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன். வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும்போது பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் சனம் கோபத்தில் எழும்பிப் போகும், அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார், மண்டபம் சுவர் ஏறுகிறவர்களுக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டால் மண்டபம் தப்பும். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு மலர்களிலும் நான் ஆட்களின் குணத்தில்தான் கைவைத்திருக்கிறேனே தவிர, திகதியில் கைவைத்ததில்லை. அறையில் அனோஜினி, அடுத்த நாள் ஓட முடியாதென்பதால், மெஷினில் ஓடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, ஆண்டுகளை ஒரு பென்சிலால் வெட்டினேன். பிறகு அழித்தேன். பிறகு வெட்டினேன். தாள் அந்த இடத்தில் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கே அதிகாரி வந்துவிட்டார். மதாம் றிவார் என்று பெயர். அறுபதை அண்டிய, மெல்லிய, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பெண். அழுத்த அழுத்த எண் கூடும் ஒரு சிறிய கருவியைக் கையில் வைத்திருந்தார், வருகிறவர்களை எண்ணுவதற்கு. போன சனிக்கிழமை சுவர் ஏறுகிறவர்களின் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்களாம். ஏழு பேரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அனோஜினி மொழிபெயர்த்துச் சொன்னாள்.

மதாம் றிவார் வசதியாக எண்ணலாம் என்று, மாலை போட்டிருந்த ஹக்கின்ஸின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒன்றரை மணிக்கு முதல் கார்கள் வந்தன. பிறகு ஒரு வான். அது ரொறன்ரோவிலிருந்து விடிய வெளிக்கிட்டதாம். கறுப்பு உடுப்பு, வெள்ளைச் சேலை, மலர் வளையம், அலுமினியத் தட்டுத் தட்டாக றோல்ஸ், வடை, சான்விச். ஹக்கின்ஸ் எந்த மதம் என்று தெரியாததால் ஒரு பகுதியார் தேங்காய் கற்பூரத்தோடும் மற்றப் பகுதியார் மெழுகுதிரியோடும் வந்திருந்தார்கள். வாசலில் நின்று மேலே இரும்பில் எழுதியிருந்த பெயரைப் பார்த்த ஒருவர், "பாத்தியே, மனிசன் இருக்கேக்கையே பேரை எழுதி வைச்சிட்டுது," என்றார்.

உள்ளே வந்தவர்கள் முறைப்படி வீட்டாரைத் தேடினார்கள். அனுதாபம் சொல்ல யாராவது வேண்டும். மண்டபத்தில் கண்ணை ஓட்டினார்கள். படத்துக்குப் பக்கத்தில், கறுத்தக் காலணியோடு, ஒரேயொரு வெள்ளைக்காரப் பெண் சோகமாக நின்றுகொண்டிருந்தார்.

முதலில் போனவர் அல்போன்சம்மா. அவருக்கு உண்மை தெரியும். ஆனால் செத்தவீட்டில் வரிசை உருவானால் அவருடைய கால்கள் தாமாகவே அங்கே போய்விடும். மதாம் றிவாரைக் கட்டிப்பிடித்து, தோளில் தலையைச் சாய்த்து, "என்ரை ராசாத்தி, எப்பிடித் தாங்கப் போறியம்மா," என்றார். கட்டிப்பிடித்த அழுத்தத்தில் கருவி மூன்று முறை 'டிக்' என்றது.

அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போனது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். சிசிலி என்பவர் வவுனியாப் பக்கத்தில் பேர்போன ஒப்பாரிக்காரி; மதாமின் கன்னங்களை இரண்டு கைகளாலும் ஏந்தி, "இரும்பு மாதிரி இருந்தவரம்மா," என்று அழுதார். ஹக்கின்ஸைப் பற்றி ஒன்றும் அறியாமல் அவர் சொன்ன அந்த ஒன்று மட்டும் முழு உண்மை. மதாம் றிவார் முதலில் "மெர்சி, மெர்சி" என்றார். இருபதாவது ஆளுக்குக் கைக்குட்டையை எடுத்தார். நாற்பதாவது ஆளுக்கு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் அழுகிறா?" என்று அனோஜினியிடம் கேட்டேன்.

"தெரியாதாம். நிப்பாட்டேலாமல் இருக்காம்."

இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சிவநேசம் கேட்காமலே ஒலிவாங்கிக்கு வந்தார். உட்கார வேறு இடமில்லாமல் அதுவரை அந்த இரும்பு நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

"அமரர் ஹக்கின்ஸை எனக்கு நாப்பது வருசமாத் தெரியும்," என்று ஆரம்பித்தார். "எண்பத்தாறிலை நான் வந்து இறங்கினபோது, குளிருக்கு என்னட்டை ஒரு சப்பாத்துக்கூட இல்லை. அப்ப அந்த மனிசன் ஒரு வார்த்தை பேசேல்லை. தன்ரை சப்பாத்தைக் கழட்டித் தந்தது."

அனோஜினி மதாமின் காதில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மதாம் குறிப்பேட்டோடு காத்துக்கொண்டிருந்தார். "ரோட்டிலை பாத்தாலும் வலியச் சிரிப்பார்," என்று சிவநேசம் தொடர்ந்தார். "போன வைகாசியிலைகூட ஒரு கலியாண வீட்டிலை என்னோடை இருந்து சாப்பிட்டவர். நல்ல தமிழ் கதைப்பார்."

"பெரியப்பா, நான் என்ன சொல்ல?" என்று அனோஜினி கிசுகிசுத்தாள்.

"ஒண்டும் சொல்லாதை. நான் சொல்லுறன்."

பென்சிலால் வெட்டி அழித்த தாளை எடுத்துக்கொண்டு ஒலிவாங்கிக்குப் போனேன். தியாகராசா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து, "வருசத்தை விழுங்கிப்போடும்," என்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அன்னார் ஒபதியா ஹக்கின்ஸ் அவர்கள், ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதாம் ஆண்டு..." என்று தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் மனக்கணக்குப் போடும்போது ஒரு சத்தம் வரும். அது மூச்சுப்போல இருக்கும்.

நான் அடுத்த வரிக்குப் போவதற்குள், முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இருநூற்றாறு," என்றார். மற்றவர் தலையை மெதுவாக ஆட்டி, "நிறைஞ்ச வயசு," என்றார்.

நான் நிறுத்தவில்லை. கல்வி, சகோதரர், குடை, தலையணை எல்லாம் வாசித்தேன். மணியடிக்கும் படிக்கத்துக்குப் பின்வரிசையில் யாரோ சிரித்து, செத்தவீடு என்று நினைவு வந்து இருமலாக மாற்றினார்கள். கடைசியில் கதிரைக் கதைக்கு வந்தேன். எட்டுப் பேர் ஏறியதையும், கதிரை தாங்கியதையும், நிலம் தாங்காததையும் வாசித்தேன். கூட்டம் முழுவதும் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தது. உரை முடித்துத் திரும்பவும் அதில் போய் இருந்த சிவநேசம் இரண்டு கைப்பிடியையும் பிடித்தபடி மிக மெதுவாக எழும்பினார்.

"ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்ரோபர் பன்னிரண்டாம் திகதி காலமானார்," என்று முடித்தேன். "அறிவித்தலில் ஆண்டு பிழையாகப் போனதற்கு மன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். அன்னார் நம்மில் எவருக்கும் உறவு இல்லை. எங்களுக்கு இந்த மண்டபம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கூட்டினோம்."

ரொறன்ரோ வானில் வந்தவர்கள் இருந்த பக்கத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அனோஜினி நான் சொன்னதை அப்படியே, ஒன்றும் விடாமல், மதாமுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அப்ப நூற்று முப்பத்திரண்டு வருசமா ஒருத்தரும் வந்து பாக்கேல்லையோ அந்த மனிசனை?"

"இல்லை," என்றேன்.

"கறுமம்," என்றது இன்னொரு குரல். "வந்தனாங்கள் வந்தனாங்கள்தானே. வடை ஆறுது."

அதோடு நாற்காலிகள் இழுபட்டன. ஒரு பக்கம் தேவாரம், மறுபக்கம் செபம், நடுவில் றோல்ஸ். இரும்பு நாற்காலியைச் சுற்றி ஆட்கள் கூடி, எட்டுப் பேர் அதில் எப்படி நின்றிருப்பார்கள் என்று வாக்குவாதப்பட்டார்கள். பரீட்சித்துப் பார்க்கப் போன இருவரை அல்போன்சம்மா அகப்பையால் அடித்து விரட்டினார். சிவநேசத்திடம் யாரோ, "அந்தச் சப்பாத்து இரும்போ அண்ணை?" என்று கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. "வேறொரு ஹக்கின்ஸோடை மாறிப்போட்டன்," என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுத்தார்.

மதாம் றிவார் தட்டோடு என்னிடம் வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. கருவியைக் காட்டினார். அதில் அறுநூற்றுப் பதினொன்று என்று இருந்தது.

"கட்டிப்பிடிக்கேக்கையெல்லாம் எண்ணீட்டுதாம்," என்றாள் அனோஜினி. "கதிரையளை எண்ணிப் பாத்து நூற்றைம்பதெண்டு எழுதப் போறாவாம். நீங்கள் உண்மையைச் சொன்னதையும் எழுதுவாவாம். வடை என்ன போட்டுச் செய்யிறதெண்டும் கேக்கிறா."

நவம்பர் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, நகரசபையின் கடிதம் வந்தது. திகதியை மூலையில் எழுதினேன். அனோஜினி வாசித்தாள். மண்டபம் பத்து ஆண்டுகளுக்கு எங்களுடையது. நிபந்தனை இரண்டு. ஒன்று, இரும்பு நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். இரண்டு, ஒவ்வோர் ஒக்ரோபரிலும் அன்னாரின் நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும். தியாகராசா இரண்டாவதைக் கேட்டதும், "திவசம் எண்டு சொல்லுமன்," என்றார். அந்தச் சனிக்கிழமை சீட்டில் தோற்றபோது படத்தைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடிதத்தோடு, கையால் எழுதிய ஒரு துண்டும் இருந்தது. மதாம் றிவார் தை மாதத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். பிரியாவிடையில் வாசிக்க ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டுமாம். நான் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். என் படிவத்தை அனோஜினி பிரெஞ்சில் மாற்றி அனுப்பினாள். ஒரு கிழமையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதித் திருப்பியனுப்பியிருந்தார். சகோதரர்களுடனான உறவு என்ற இடத்தில் மட்டும் எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது.

"ஒரு தங்கச்சியாம்," என்றாள் அனோஜினி. "எட்டு வருசமாக் கதையில்லையாம். லோயர் மூலமா மட்டும் கடிதம் போறதாம்."

நான் பேனையைத் திறந்து, 'அன்னார்' என்று ஆரம்பித்து, உயிரோடு இருக்கிறவருக்கு அது ஆகாது என்று வெட்டிவிட்டு எழுதினேன்: "தன் ஒரே சகோதரியுடன் எழுத்து மூலம் இடையறாத தொடர்பைப் பேணி வருபவர்."